பெட்டிக்குள் அடங்காத எண்

போன சனிக்கிழமை மாலை என் அக்காள் மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். படிவம் 4 மாணவன். செபராங் ஜெயா பொது நூலகத்தில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தும் ஒரு கணக்கு மசியவில்லையாம். பள்ளி மாணவர்களுக்கான நிரல் போட்டிக்கு இன்னும் இரண்டே வாரம். பின்னாலேயே வந்த அக்கா, "இவன் போட்டியும் வேணாம், கம்ப்யூட்டரும் வேணாம்னு சொல்றான். நீயே கேளு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கணக்கு என்னவோ எளிமையானதுதான். பள்ளி விழாவில் படம் எடுக்க மாணவர்களை ஒரே வரிசையில் நிறுத்துகிறோம். எத்தனை விதமாக நிறுத்தலாம்? மூன்று பேர் என்றால் 3 × 2 × 1, ஆறு விதம். நான்கு பேர் என்றால் 24. இப்படி 1 முதல் ஆட்களின் எண்ணிக்கை வரை பெருக்கிக்கொண்டே போனால் விடை. 100 பேர் வரைக்கும் சொல்ல வேண்டும் என்பது போட்டிக் கேள்வி.

அவனுடைய நிரல் 12 பேருக்கு 479,001,600 என்று சொன்னது. சரி. 13 பேருக்கு 1,932,053,504 என்றது.

"இது சரியாடா?" என்றேன்.

"சரி மாதிரிதான் இருக்கு மாமா. ஆனா முன்னதைப் போல 13 மடங்கு வரணும். நாலு மடங்குதான் வந்திருக்கு."

பெரிய எண்களைப் பிடிக்கும் வகையான மாறிக்கு மாற்றிப் பார்த்திருக்கிறான். 20 பேர் வரை சரியாக வந்தது. 21 பேருக்கு மைனஸில் ஒரு விடை. 21 மாணவர்களை வரிசையில் நிறுத்த மைனஸ் 4 குவிண்டில்லியன் வழிகளாம்! பையன் நொந்து போனதில் வியப்பில்லை.

மோட்டார் சைக்கிளின் கிலோமீட்டர் காட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து இலக்கம்தான் இருக்கிறது என்றால் 99999-க்கு அடுத்த கிலோமீட்டரில் 00000 ஆகிவிடும். வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். காட்டி அதைச் சொல்லாது. கணினியின் மாறியும் அப்படி ஒரு பெட்டிதான். 32 பிட் பெட்டியில் மொத்தம் 4,294,967,296 எண்களுக்கு இடம் உண்டு. மைனஸ் எண்களுக்குப் பாதியை ஒதுக்கிவிடுவதால் மேல் எல்லை 2,147,483,647. பதின்மூன்று பேருக்கான உண்மையான விடை 6,227,020,800. அதிலிருந்து 4,294,967,296-ஐக் கழித்துப் பாருங்கள்: 1,932,053,504. பையனின் நிரல் சொன்ன அதே எண். காட்டி ஒரு முறை முழுச்சுற்று சுற்றிவிட்டு மிச்சத்தைக் காட்டியிருக்கிறது. 64 பிட் பெட்டிக்கும் எல்லை உண்டு: 9,223,372,036,854,775,807. 21 பேருக்கான விடை 51,090,942,171,709,440,000 என்பதால் அதிலும் அடங்கவில்லை.

என்னை எப்போதும் பயமுறுத்துவது மைனஸ் விடை அல்ல. மைனஸ் வந்தால் ஏதோ தப்பு என்று கண்ணில் பட்டுவிடும். பயமுறுத்துவது அந்த 1,932,053,504தான். பார்ப்பதற்கு நல்ல விடை போலவே இருக்கிறது. எந்த எச்சரிக்கையும் இல்லை. இப்படி ஒரு எண்ணால் ஒருவருக்கு நான் செய்த தீங்கு இன்னும் மனத்தில் இருக்கிறது.

தொண்ணூறுகளில் பிறையில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு முதல் வேலை. ஒவ்வொரு உற்பத்தி வரிசையும் ஒரு மாதத்தில் எத்தனை பொருள் செய்தது என்று எண்ணும் நிரலை எழுதினேன். 16 பிட் பெட்டி போதும் என்று நினைத்தேன். அதன் மேல் எல்லை 32,767. எந்த வரிசையும் மாதம் இருபதாயிரத்தைத் தாண்டியதில்லை. ஆண்டு முடிவில் ஆர்டர் குவிந்தபோது ஒரு வரிசை தாண்டியது. எண் மைனஸுக்குப் போனது. அறிக்கை எழுதும் இன்னொரு நிரல், அதுவும் நான் எழுதியதுதான், மைனஸ் எண்ணைக் கண்டால் பூஜ்யமாக்கிவிடும். அந்த மாதம் அதிகம் உழைத்த வரிசையின் கணக்கில் பூஜ்யம். அந்த வரிசையின் லைன் லீடர் அக்காவை அலுவலகத்துக்கு அழைத்து விளக்கம் கேட்டார்கள். கணினியே சொல்லும்போது அவர் பேச்சை யார் கேட்பது? இரண்டு நாள் கழித்துத்தான் தவறு என்னுடையது என்று கண்டுபிடித்தேன். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி, நான் செஞ்ச வேலை எனக்குத் தெரியும்" என்றார். அந்தப் பதில் திட்டு வாங்கியதைவிடக் கனமாக இருந்தது.

இந்தக் கதையைச் சொன்னதும் பையன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ தசம எண் வகையில போட்டா? அதுல ரொம்பப் பெரிய எண்ணெல்லாம் போகுமே?" என்றான்.

போகும். ஆனால் முன்னால் இருக்கும் 15, 16 இலக்கங்கள்தான் உண்மை. பின்னால் வருவது தோராயம். 2006-ஆம் ஆண்டு மலேசியாவில் ஒருவருக்கு, காலமான தன் தந்தையின் தொலைபேசி இணைப்புக்காக ஒரு பில் வந்தது உலகச் செய்தியானது நினைவிருக்கலாம். தொகை 806,400,000,000,000.01 ரிங்கிட். பத்து நாளில் கட்டாவிட்டால் வழக்கு என்றும் இருந்ததாம். அந்தத் தொகையை வழக்கமான 64 பிட் தசமப் பெட்டியில் போட்டால் கடைசி ஒரு சென் காணாமல் போய்விடும். அவ்வளவு பெரிய எண்ணுக்கு அந்தப் பெட்டியில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே பன்னிரண்டரை சென் இடைவெளி இருக்கிறது. போட்டிக் கணக்கில் கடைசி இலக்கம் வரை சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஆகவே அந்த வழி உதவாது.

"பைத்தான்ல எழுதினா ஒரே வரி மாமா. ஆனா போட்டியில சி பிளஸ் பிளஸ்தான். வெளி லைப்ரரி கூடாதுன்னு விதி. மத்தியானம் பூரா நூலகத்துல உட்கார்ந்திருந்தேன், லைப்ரரி கூடாதாம்!"

சிரித்துவிட்டேன். பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லை இல்லை என்பது உண்மைதான். ஜாவாவில் அதற்கென்று தனி வகை உண்டு. சி பிளஸ் பிளஸ் மொழியோடு வரும் தொகுப்பில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் பைத்தானின் உள்ளே மாயம் ஒன்றும் கிடையாது. அது பெரிய எண்ணை 30 பிட் துண்டுகளாக வெட்டி, வரிசையாக அடுக்கி, துண்டு துண்டாகக் கணக்குப் போடுகிறது. நாம் தமிழ்ப்பள்ளியில் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தில் செய்ததும் அதுதான். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். வலது ஓரத்தில் தொடங்கி, பத்தைத் தாண்டினால் மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவது. ஆசிரியர் நமக்கு ஒன்பது வரை பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். அதை வைத்து எவ்வளவு நீளமான எண்ணையும் பெருக்கலாம் என்பதைச் சொல்லாமலே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

ஒரு தாளை எடுத்தேன். கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்பதற்குப் பதிலாக, நாம் காற்புள்ளி போடும் இடத்தில் வெட்டி, மூன்று மூன்று இலக்கமாகப் போட்டுக்கொள்வோம். 12 பேருக்கான விடை 479 | 001 | 600. இதை 13-ஆல் பெருக்க வேண்டும்.

வலது ஓரம்: 600 × 13 = 7,800. கட்டத்தில் 800, கையில் 7.

நடுக்கட்டம்: 1 × 13 = 13. கையிலிருந்த 7-ஐக் கூட்டினால் 20. கட்டத்தில் 20, கையில் ஒன்றுமில்லை.

இடது கட்டம்: 479 × 13 = 6,227. கட்டத்தில் 227, கையில் 6.

கட்டம் தீர்ந்துவிட்டது, கையில் 6 மிச்சம். புதிதாக ஒரு கட்டம் போட்டு அதில் 6 எழுதுங்கள். 6 | 227 | 020 | 800. அதாவது 6,227,020,800. முடிந்தது.

நிரலில் இது நான்கைந்து வரிதான். ஒவ்வொரு கட்டத்தையும் பெருக்கி, கையில் இருப்பதைக் கூட்டி, 1,000-ஆல் வகுக்கவும். மீதி கட்டத்துக்கு, ஈவு கைக்கு. கட்டம் முடிந்தும் கையில் மிச்சம் இருந்தால் புதுக் கட்டம். இங்கே ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. எண் வளர்வது இடது பக்கம். கணினியில் பட்டியலுக்குப் பின்னால் சேர்ப்பது சுலபம், முன்னால் சேர்ப்பது தொல்லை. அதனால் எண்ணைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றின் இடம் முதலில், பெரிய இடம் கடைசியில். எழுதிக் காட்டும்போது மட்டும் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்.

பையன் இருபது நிமிடத்தில் எழுதி ஓட்டினான். 13 பேருக்கு 622720800 என்று வந்தது. முகம் மறுபடியும் வாடியது.

"எண்ணிப் பாரு. எத்தனை இலக்கம்?"

"ஒன்பது. பத்து வரணும்... ஓ! நடுக்கட்டத்துல 20தான் இருக்கு. 020-னு எழுதணும்!"

இந்த வேலையில் எல்லாரும் ஒரு முறையாவது விழும் குழி இது. கட்டத்துக்குள் 20 என்பதும் 020 என்பதும் ஒன்றே. எழுதிக் காட்டும்போது முதல் கட்டத்தைத் தவிர மற்ற எல்லாக் கட்டங்களையும் மூன்று இலக்கமாக நிரப்பியாக வேண்டும். ஒரு பூஜ்யத்தை விட்டால் ஆறு பில்லியன் அறுநூறு மில்லியனாகச் சுருங்கிவிடும்.

கட்டத்துக்கு மூன்று இலக்கம் தாளுக்குச் சரி. கணினிக்கு ஒன்பது இலக்கமாக வையுங்கள். ஒரு பில்லியனுக்குக் குறைந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 18 இலக்கத்தைத் தாண்டாது. 64 பிட் பெட்டியில் தாராளமாக அடங்கும். 100 பேருக்கான விடையில் 158 இலக்கங்கள். அதற்குப் பதினெட்டே கட்டங்கள் போதும்.

இரண்டு பெரிய எண்களை ஒன்றோடொன்று பெருக்குவதும் பள்ளியில் படித்த நீள்பெருக்கல்தான். ஒரு பக்கத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் மறுபக்கத்தின் ஒவ்வொரு கட்டத்தோடும் பெருக்கி உரிய இடத்தில் கூட்ட வேண்டும். அப்போது கையிருப்பை உடனுக்குடன் அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்த்துவைத்தால் பெட்டி மறுபடியும் நிரம்பி வழியும். எண்கள் ஆயிரக்கணக்கான இலக்கம் என்றால் இந்த முறை மெதுவாகும். 1960-இல் மாஸ்கோவில் 23 வயது கரட்சுபா ஒரு குறுக்குவழி கண்டார். 47 × 32 என்பதற்கு நாம் நான்கு சிறு பெருக்கல் செய்கிறோம். அவர் மூன்றோடு நிறுத்தினார். 4 × 3 = 12. 7 × 2 = 14. (4 + 7) × (3 + 2) = 55. அந்த 55-இலிருந்து 12-ஐயும் 14-ஐயும் கழித்தால் 29, நடு இடத்துக்குரியது. 1,200 + 290 + 14 = 1,504. ஒரு பெருக்கல் மிச்சம். கட்டங்கள் பெருகப் பெருக இந்த மிச்சம் மலையாகும்.

சரி, இவ்வளவு நீள விடை சரியா தவறா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் தாத்தாக்கள் கணக்கைச் சரிபார்த்த ஒன்பது சோதனை இருக்கிறது. எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள். ஓர் இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போங்கள். 1980 ஜூன் 18-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சகுந்தலா தேவி இரண்டு 13 இலக்க எண்களை மனத்தாலேயே 28 விநாடியில் பெருக்கினார். எண்கள் 7,686,369,774,870 மற்றும் 2,465,099,745,779. அவர் சொன்ன விடை 18,947,668,177,995,426,462,773,730. முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 78; அது 15; அது 6. இரண்டாவது 74, அது 11, அது 2. ஆறிரண்டு 12, அது 3. விடையின் இலக்கங்கள் 138, அது 12, அது 3. பொருந்துகிறது. 64 பிட் பெட்டியில் அடங்காத 26 இலக்க விடையை நாம் காகிதத்தில் இரண்டு நிமிடத்தில் சோதித்துவிட்டோம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பொருந்தாவிட்டால் விடை நிச்சயம் தவறு, பொருந்தினால் நிச்சயம் சரி என்று ஆகாது. பூஜ்யம் தொலைந்தாலும், இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் இந்தச் சோதனைக்குத் தெரியாது. அதனால் இலக்கங்களையும் எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் பையனிடம் சொன்னேன். கேள்வியை முழுதாகப் படி. முழு எண்ணும் வேண்டுமா என்று பார். பல போட்டிகளில் "விடையை 1,000,000,007-ஆல் வகுத்தால் வரும் மீதியைச் சொல்லவும்" என்றிருக்கும். அப்படியானால் கட்டமே வேண்டாம். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண் வளரவே வளராது. ஏழை நூறு முறை பெருக்கினால் கடைசி இலக்கம் என்ன என்று கேட்டால், யாரும் நூறு முறை பெருக்க மாட்டோம். 7, 9, 3, 1 என்று நான்கில் ஒரு சுற்று வருகிறது, நூறு நான்கால் வகுபடும், விடை 1.

"இதையெல்லாம் கையால செஞ்சாங்களா மாமா, கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி?"

செய்தார்கள். நம் இராமானுஜன் கதையிலேயே இருக்கிறது. 4 என்ற எண்ணைக் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து கேம்பிரிட்ஜ் போன இராமானுஜனும் பேராசிரியர் ஹார்டியும் 1918-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அது சரியா என்று பார்க்க உண்மை விடை வேண்டுமே. பீரங்கிப் படை அதிகாரியாக இருந்த மக்மகோன் என்ற கணித அறிஞர் 200 வரைக்கும் ஒவ்வொன்றாகக் கையால் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டிருந்தார். அவருடைய கடைசி விடை 3,972,999,029,388. சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது வந்தது 3,972,999,029,388.004. அவர் ஒரே ஓர் இடத்தில் கையிருப்பை மறந்திருந்தால்கூட, இராமானுஜனின் சூத்திரம் தவறு என்று தோன்றியிருக்கும். எந்த லைப்ரரியும் இல்லாமல் ஒரு மனிதர் கவனமாகக் கூட்டியதால்தான் அந்தச் சூத்திரத்துக்கு அவ்வளவு உறுதியான சாட்சி கிடைத்தது.

இயந்திரமும் இதே பாடத்தில்தான் தொடங்கியது. 1971-இல் இண்டெல் வெளியிட்ட 4004 என்ற சில்லு முதலில் ஒரு ஜப்பானிய கால்குலேட்டருக்காகச் செய்யப்பட்டது. அதன் பெட்டி வெறும் 4 பிட். 0 முதல் 15 வரைதான் பிடிக்கும். ஓர் இலக்கத்துக்கு அது போதும். நீளமான எண்களை அந்தக் கால்குலேட்டர் ஒவ்வோர் இலக்கமாகக் கூட்டி, மிச்சத்தை அடுத்த இடத்துக்கு ஏற்றித்தான் கணக்குப் போட்டது. அடுத்த ஆண்டே, 1972-இல், அந்த நிறுவனம் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேரின் பிழைப்பு அந்தத் துறையில்தான்.

பெட்டி சிறிது என்பது குறையல்ல. எங்கே நிரம்பும் என்று தெரியாமல் இருப்பதுதான் குறை. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை 32 பிட் பெட்டியில் எண்ணிவரும் பழைய கருவிகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பெட்டி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, மலேசிய நேரம் காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்பும். அதற்குள் அவற்றைத் தேடிப்பிடித்து மாற்றும் வேலை என் அக்காள் மகன் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் வரும்.

அன்று இரவு ஒன்பதரைக்கு 100 பேருக்கான விடை திரையில் வந்தது. இலக்கங்களை எண்ணினோம்: 158. கடைசியில் 24 பூஜ்யங்கள். பையன் இலக்கங்களைக் கூட்டினான்: 648. கடைசியில் 9. நூறு வரை பெருக்கியதில் ஒன்பதும் இருப்பதால் அப்படித்தான் வர வேண்டும். அக்கா எட்டிப் பார்த்து, "இப்ப சாப்பிடலாமா?" என்றார். போட்டிக்குப் போவதா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை, மறுநாள் காலை நூலகத்துக்குக் கிளம்பிவிட்டான்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கட்டத்தாளில் இரண்டை நூறு முறை பெருக்கிப் பாருங்கள். 2-இன் நூறாம் அடுக்கு. விடைக்கு 31 இலக்கங்கள் வர வேண்டும், ஒன்பது சோதனையில் 7 வர வேண்டும், 376 என்று முடிய வேண்டும். முழு விடை அடுத்த வாரம்.